ஹெவியாக ஒரு கூறைப் புடவை

'ஹெவி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஊரில் மழை ஹெவி, டிராஃபிக் ஹெவி, மத்தியானச் சாப்பாடு ஹெவி, லாரி ஓட்டுபவரின் லைசென்ஸும் ஹெவி. நிஜமாகவே கனக்கிற மூட்டையைத் தூக்கினால் மட்டும் 'வெயிட்டா இருக்கு' என்பார்கள். தி.நகர் புடவைக் கடைகளில் அதற்குத் தனி மரியாதை. ஜரிகை ஏற ஏறப் புடவை ஹெவி. புடவை ஹெவியானால் எடுத்துக் கொடுத்தவர்கள் பெரிய குடும்பம்.

எங்கள் வழக்கத்தில் கூறைப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீடு. காலையில் வெள்ளைப் புடவையில் மாதா கோயிலில் திருமணம்; மாலை வரவேற்புக்கு, பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த கூறை. எனக்கோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாள் முதல் இடது தோள் சரியில்லை. முந்தானையைத் தாங்க வேண்டியதே அந்தத் தோள்தான். லைட்டாக எடுக்கச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் போனில் கெஞ்சியிருந்தேன். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ விடு" என்றார். நம்பினேன்.

கடைக்கு நானும் அம்மாவும் சாந்தோமிலிருந்து ஆட்டோவில் போனோம். அவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தாமரை நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வருங்கால மாமியார் அதை அன்பாகவே வாங்கி ஓரமாக வைத்தார். பெண் ஒல்லி, ஹெவியாகக் கட்டினால்தான் எடுப்பாக இருக்குமாம். தோள் வலியைச் சொன்னேன். நாலு பின் குத்தினால் தெரியாது என்றார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஹெவியாவே எடுத்துடலாம்மா" என்றார்.

கடைக்காரர் ஜரிகை நிறைந்த ஒன்றை என் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு அழுகை முட்டியது, வலியால் இல்லை. படியிறங்கும்போது அவரிடம் மெதுவாகக் கேட்டேன், பேசிக்கிறேன் என்றீர்களே என்று. "இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று சிரித்துவிட்டுப் பையை என் கையில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் சாமியார். நான் அம்மாவின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.