இடது குழல்

அபிராமத்தில் தையல் மிஷின் பழுது பார்க்கும் மர்ஜானா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதிகம் பேசமாட்டாள். தம்மாமில் இருக்கும் கணவன் காஜா நவாஸ் போன் செய்தால் அவன் பேசுவான், இவள் "ம்" கொட்டுவாள். ஆனால் அவள் கண் சும்மா இருக்காது. எந்த மிஷினையும் தொடுவதற்கு முன் சுற்றிவந்து ஒருமுறை பார்ப்பாள். கெட்டுப்போன இடம் தெரிவதற்கு முன்பே, கெடுத்த கை எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதை நம்பித்தான் முதுகுளத்தூர் லேத் பட்டறை மூக்கையா அவளை வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், துணி சுற்றிய கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"ரெட்டைக்குழல் துப்பாக்கி தாயி. தெறக்க மாட்டேங்குது. நேத்து சுத்தியலால நாலு போடு போட்டேன், என் விரலத்தான் பிடிச்சுக்கிருச்சு."

"எனக்குத் துப்பாக்கி தெரியாது அண்ணே."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? வந்து பாரு."

மூக்கையாவின் வண்டியில் போன பாதைக்கு இரண்டு பக்கமும் மிளகாய்க் காடு, அதைத் தாண்டிக் கருவேலம். உச்சி வெயிலில் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரி மீனம்மாள் சந்தன நிறச் சேலை கட்டியிருந்தாள். கூடத்தில் அவள் கணவன் வழிவிட்டானின் படம். படத்துக்குக் கீழே இரண்டு ஆணிகளில் துப்பாக்கி. துப்பாக்கிக்குக் கீழே தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆவி பறக்க இருந்தன.

"சாப்பாடு யாருக்கு?" என்று மர்ஜானா கிசுகிசுத்தாள்.

"கேக்காத. அவுகளுக்குத்தான்" என்று மூக்கையா அதைவிட மெதுவாகச் சொன்னார்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இப்போது மீனம்மாள் பெயரில். முந்தைய தேர்தல்களில் உறையோடு வாங்கி மூலையில் சாய்த்துவிட்டார்கள். இந்த முறை வந்திருக்கும் புது அதிகாரி, குழல் இரண்டும் காலி என்று திறந்து காட்டினால்தான் வாங்குவேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மூக்கையா கயிறு தேடிக் கொல்லைப்பக்கம் போனார். மீனம்மாள் மர்ஜானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி ஈரமாக, குளிர்ந்திருந்தது.

"ஸ்டேசனுக்காக மட்டும் இல்ல தாயி. பதினோரு வருசத்துக்கு முந்தி, மார்கழியில, பன்னிக் காவலுக்குப் போனவுக விடியக் கருக்கல்ல வந்து வாசல்லயே நின்னுட்டாக. அடுப்படியில இருந்த என்னையப் பாத்து, 'நீ எப்ப வந்த?'ன்னாக. நான் எங்கயும் போகலையேன்னேன். 'வரப்புல நின்னியே. கூப்புட்டேன். திரும்பிப் பாத்துச் சிரிச்ச. பயந்து போயி துப்பாக்கியத் தூக்கிட்டேன்'னாக. சுட்டீகளான்னு கேட்டேன். இத மாட்டிட்டுப் படுத்தாக. எந்திரிக்கல."

"சத்தம் எதுவும் கேக்கலையா அக்கா?"

"சுத்துக் காட்டுலெல்லாம் பன்னிக்கு வேட்டுப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எது எதுன்னு யாரு கண்டா? என்னையச் சுட மனசு வந்துச்சா, இல்லையா. அது தெரிஞ்சாப் போதும். தெனமும் சோறு வச்சுக் கேக்குறேன். வாயத் தெறக்க மாட்டேங்குறாக."

மர்ஜானா துப்பாக்கியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மணல் குவியலைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டிலில் கிடத்திக் கட்டினாள். பிறகு சுற்றிவந்து பார்த்தாள். திறக்கும் லிவரின் அடியிலும், தோட்டாவை அடிக்க மேலே இருக்கும் இரண்டு குதிரைகளின் காலடியிலும் மஞ்சளாக ஏதோ கல்லாய் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் அரிவாளுக்கும் மிஷினுக்கும் பொட்டு வைப்பார்கள். மீனம்மாள் பொட்டோடு நிறுத்தவில்லை. பதினோரு பூஜைக்கும் குழைத்துக் குழைத்து அப்பியிருந்தாள்.

"தையல் மிசினுக்கு நூலு சிக்குன மாதிரியா?" என்று மூக்கையா சிரித்தார்.

மர்ஜானா நீளமான தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்தாள். பக்கவாட்டில் நின்று, துப்பாக்கி வாய்க்கு நேரே கை வராமல், வலது குழலுக்குள் விட்டாள். அடிவரை போனது. இடது குழலில் மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றது. ஈர்க்கின் நுனி எதையோ தட்டியது. உள்ளிருந்து திருப்பித் தட்டியதுபோல் அவள் விரலுக்குப் பட்டது.

"அண்ணே, நேத்து எந்தப் பக்கம் நின்னு சுத்தியலால தட்டுனீங்க?"

"வாய்ப்பக்கம் நின்னுதான். ஏன்?"

"இடதுல தோட்டா இருக்கு. குதிரை அது மேல உக்காந்திருக்கு."

மூக்கையா சட்டென்று வாய்ப்பக்கத்தை விட்டு விலகிக் கட்டிலுக்குப் பின்னால் போனார்.

மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊற வைத்து, ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. குதிரையின் ஊசி தோட்டாவின் அடியில் பதிந்து கிடக்கும் வரை குழல் மடங்காது. அதை மேலே தூக்க வேண்டும். நழுவினால் வெடிக்கும். மற்ற இருவரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள்.

"பிஸ்மில்லாஹ்."

கட்டைவிரலால் இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். பிறகு, இழுக்காமலே, மறுபக்கம் யாரோ கையை எடுத்துக்கொண்டதுபோல் குதிரை தானாக எழுந்து பாதியில் 'டிக்' என்று நின்றது. லிவர் நகர்ந்தது. துப்பாக்கி பெருமூச்சு விட்டுக்கொண்டு வாயைத் திறந்தது.

தோட்டாவை உருவினாள். அந்த நிழலிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. நுனியில் மடிப்புக் கலையவில்லை; குண்டு உள்ளேயே இருந்தது. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மருந்தைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டின் நடுவில் ஆழமான ஒரு குழி.

ஓய்ந்து உட்கார்ந்த ஊசி வைக்கும் தடம் வேறு. ஓங்கி இறங்கிய ஊசி வைக்கும் குழி வேறு. எத்தனையோ மிஷின்களில் அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வழிவிட்டான் விசையை அழுத்தியிருக்கிறார். பனி குடித்த மருந்து பற்றவில்லை, அவ்வளவுதான்.

"என்னத்தா?" மீனம்மாள் சுவரோரம் வந்து நின்றாள். கண் இமைக்கவில்லை. "சுட்டாகளா?"

மர்ஜானாவின் கட்டைவிரல் செம்புப் பொட்டை மூடிக்கொண்டது.

"முழுசா இருக்கு அக்கா. வெளிய போகல."

"சுடலையா?"

"வெளிய போகல அக்கா."

மீனம்மாள் அப்படியே சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே போய், ஆறிப்போன தட்டை எடுத்து வந்து நாய்க்குக் கொட்டினாள். தோட்டாவைத் துணியில் இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டு மூக்கையாவிடம் கொடுத்தாள் மர்ஜானா. "ஸ்டேஷன்லதான் பிரிக்கணும் அண்ணே. வழியில பிரிச்சுப் பாக்காதீங்க."

மூக்கையாவின் வண்டியில் மீனம்மாள் துப்பாக்கியோடு பின்னால் உட்கார்ந்தாள். வண்டியின் புழுதி கருவேலத்துக்குள் மறைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மர்ஜானா பஸ்ஸுக்கு நடந்தாள்.

பாதித் தூரத்தில், மிளகாய்க் காட்டு வரப்பில், சந்தன நிறச் சேலை கட்டிய ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். மீனம்மாளின் அதே கொண்டை முடிச்சு, அதே தோள். வெயில் சாய்ந்து அடித்தது. மிளகாய்ச் செடிக்கெல்லாம் நிழல் விழுந்திருந்தது. அவளுக்கு விழவில்லை.

கூப்பிட்டால் திரும்புவாள்.

மர்ஜானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாதையை மட்டும் பார்த்தபடி நடந்தாள். யாரையும் கூப்பிட்டுப் பேசும் பழக்கம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அன்றும் கூப்பிடவில்லை.