கோழிக் குழம்பு என்று பதில் வந்தது

என் மனைவி அனிதா மேரிக்குச் சமைக்க நேரமில்லை. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். ராயப்பன்பட்டியில் ஆட்டோ ஓட்டும் இந்த பெனடிக்ட்தான் எங்கள் வீட்டில் குழம்பு வைக்கிறவன். ருசியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மேரியும் ஒரு காலத்தில் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போனவள்தான். கூட வேலை பார்த்த பெண்ணிடம் சூப்பர்வைசர் அத்துமீறியபோது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ள, இவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நியாயம் கேட்டாள். அன்றோடு அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் மணி அடிப்பது இவள் போனில்தான். அந்த போனுக்கே ஆபத்து வந்தது.

போன தவக்காலத்தில் ஜோதிலட்சுமி என்ற பெண் தன் சூப்பர்வைசர் மேல் புகார் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை விசாரணை. அவளை மிரட்ட ஆட்கள் வீட்டைச் சுற்றவே, மேரி சொன்னபடி ஜோதியின் தோழி சுருளியம்மாள் அவளை ஜெயமங்கலத்தில் தனக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கவைத்தாள். எந்த வீடு என்று மேரிகூடக் கேட்டுக்கொள்ளவில்லை; சுருளியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டத்துப் பெண்களுக்கு மேரி ஏற்கெனவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து அது.

"என் பேர்ல மெசேஜ் வந்து யாரப் பத்தியாச்சும் கேட்டா, மொதல்ல இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேளுங்க. பதில எங்க வீட்டுக்காரர்ட்ட போன் போட்டு ஒத்துப் பாருங்க. சொந்த ஆளுக்கு மட்டும் தெரிஞ்சதக் கேக்கணும்னு பயிற்சியில சொன்னாக."

என் குழம்பு மலை முழுக்கச் சந்தி சிரிக்கிறதே என்று நான் குதித்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேரி போனை அணைத்துவிட்டுச் சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். சுருளியம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஜோதி எந்த வீட்ல இருக்கான்னு அக்கா மெசேஜ்ல கேக்குறாக. என்ன கொழம்புன்னு கேட்டா கோழிக் கொழம்புங்கிறாக. கறியே ஆக்காத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில உங்க வீட்ல கோழியா?"

"பருப்புக் கொழம்புத்தா! ஒன்னும் சொல்லிறாத!"

கோயிலுக்கு ஓடி மேரியை வெளியே இழுத்துவந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"மத்தியானம் போன்ல காதுகுத்துப் பத்திரிகைன்னு ஒன்னு வந்துச்சுங்க. அமுக்குனேன். ஒன்னுமே தொறக்கல."

எங்கள் பக்கத்தில் பத்திரிகையைத் திறந்து பார்க்காதவர் யார்? விசேஷத்துக்குப் போகாவிட்டால் ஆயுசுக்கும் முகம் பார்க்க மாட்டார்களே. அதைத் தெரிந்துகொண்டுதான் எவனோ கண்ணி வைத்து அவள் கணக்கைக் கைப்பற்றியிருக்கிறான். சிம்மைக் கழற்றிக்கொண்டு கம்பத்துக்குப் போனோம். செல்போன் கடை அலி அக்பர் போனில் இருந்ததையெல்லாம் அழித்து, அவள் கணக்கை மீட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் மேரி தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப் ஜீப்பாக ஏறி இறங்கினாள்.

"நேத்து நான் ஏமாந்துட்டேன். எம் பேர்ல எது வந்திருந்தாலும் நம்பாதீக. பத்திரிகைன்னு வந்தா அமுக்காதீக."

"இதப் போயி ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றேன்.

"என் வெக்கம் பெருசா, ஜோதி பெருசா?"

இவளைக் கட்டிக்கொண்டவன் நான் என்று அந்த ஜீப் ஸ்டாண்டிலேயே கத்த வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை மேரி ஜோதியை விசாரணைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"அண்ணே, ஜோதி பேசுறேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்ணே. பயப்படவே இல்ல."

நெஞ்சு பொங்கியது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"இருத்தா. இன்னைக்கு எங்க வீட்ல என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. அக்கா அவுக சோத்துல பாதிய எனக்குத் தந்தாக. உப்புத்தான் தூக்கல்ணே."

அவளேதான். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். உப்பைப் பற்றிச் சொல்லியும் எனக்குக் கோபம் வராதது அன்றைக்கு ஒருநாள்தான்.