எழுதாத பக்கத்தில் கையெழுத்து

எனக்குச் சந்தேகப் புத்தி. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். ரேஷன் கடை எடை எந்திரத்தில் எண் அசையாமல் நிற்கும்வரை பையை நீட்டமாட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன கையோடு, மாப்பிள்ளை வேலை செய்த செங்கல் சூளைக்கு அண்ணனை அனுப்பி விசாரித்தவள் நான். அதைச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார்.

இப்படிப்பட்டவளைத்தான் உத்திரமேரூர் பக்கத்துச் சின்ன ஊராட்சி ஒன்றில் வார்டு மெம்பராக ஆக்கினார்கள். எங்கள் காலனி இருக்கும் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டாவது வரை படித்தவள் என்று என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன். ஏன் இவ்வளவு சுலபமாக ஜெயிக்க விட்டார்கள் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

புது மெம்பர்களுக்கு ஏனாத்தூர் பக்கம் ஒரு மண்டபத்தில் பயிற்சி நடந்தது. கடைசி நாள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டக் கூட்டிப் போனார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுத்த கதையைச் சொன்ன அதிகாரி, நம் அரசியல் சாசனத்துக்கே வேர் இங்கேதான் இருக்கிறது என்று பூரித்துப் போனார். யார் பெயரையெல்லாம் குடத்தில் போடலாம் என்று கேட்டேன். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றார். "அப்போ எங்க ஆளுங்க எங்க சார் இருந்தாங்க?" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரையும் பஸ் ஏறச் சொன்னார்.

பயிற்சியில் கொடுத்த சாசனப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் கொடுத்ததோ என்னவோ. அதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்துப் போயிற்று. சுதந்திரம் வரும் சமயத்தில் அதை எழுத உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் ஒவ்வொரு வரியாகப் படித்து, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, எழுதிய குழுவின் தலைவருக்குக் கிராமத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது. முதலில் எழுதியதில் ஊராட்சி என்ற பேச்சே இல்லை. மற்றவர்கள் மல்லுக்கு நின்ற பிறகுதான், அரசாங்கத்துக்கு வழிகாட்டும் கொள்கைகள் என்ற பகுதியில் ஒரு சின்னப் பிரிவாக அது நுழைந்தது. அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாதாம். ஊரைச் சந்தேகப்பட்ட அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களைப் போல ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்தானே அவரும்.

எங்கள் காலனியின் பிரச்சினை சுடுகாட்டுப் பாதை. வரைபடத்தில் பாதை இருக்கிறது, தரையில் இல்லை. ஊராட்சித் தலைவரின் பங்காளி ஒருவர் வருஷத்துக்கு ஒரு சால் என்று சேர்த்து உழுது, பாதையைத் தன் கழனிக்குள் கொண்டுபோய்விட்டார். மிஞ்சியது ஒரு வரப்பு. நான் மெம்பரானதே இந்தப் பாதைக்காகத்தான். கிராம சபையில் தீர்மானம் போட்டுத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினால் அளக்க வருவார்கள் என்றார்கள்.

அந்த வருஷக் குடியரசு தினத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபையைத் தொடங்கினார்கள். சாசனத்தின் முகப்புரையை என்னைப் படிக்கச் சொன்னார்கள். நாம் என்று ஆரம்பித்து, நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம் என்று முடிகிற அந்த ஒரே நீள வாக்கியத்தை மூச்சு முட்டப் படித்தேன். கை தட்டினார்கள். உடனே ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டைத் திறந்து, நாலு பக்கத்தை வெறுமையாக விட்டு, ஐந்தாம் பக்கத்தில் கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊரில் எப்போதும் இதுதான் வழக்கம். முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள்.

"இன்னா தீர்மானம் சார்?"

"எல்லாம் இருக்கு மெம்பர். அப்புறம் பொறுமையா எழுதிக்கலாம்."

"எங்க பாதை அதுல கீதா சார்?"

"இருக்கு, இருக்கு. போடுங்க, வெயில் ஏறுது."

ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. இரண்டு தடவை சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

"எழுதிப் படிங்க சார். அப்பால போடறோம்."

தலைவர் சிரித்தார். "வருஷா வருஷம் இப்டித்தானேம்மா நடக்குது. இன்னிக்கி இன்னா புதுசா பேஜார் பண்ற?"

எங்கள் தெருப் பெண்கள் பக்கம் திரும்பினேன். நூறு நாள் வேலைக்குப் போகிற அவர்கள்தான் கூட்டத்தில் பாதிக்கு மேல். "வெறும் பக்கத்துல யாரும் போடாதீங்க. நம்ம வூட்டையே எழுதிக்கினாலும் நாளைக்கி கேக்க முடியாது" என்றேன். என் பக்கத்து வீட்டு அக்கா வரிசையில் முதல் ஆளாகப் பேனாவைக் கையில் வாங்கியிருந்தாள். என்னைப் பார்த்தாள். "இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நடந்தாள். அவள் பின்னால் எல்லோரும் போய்விட்டார்கள். ஆள் கணக்குப் போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. முகப்புரையை அன்றைக்குத்தான் ஒருத்தி சரியாகப் படித்தாள், அவள் நான்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் அக்காவின் வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போய்விட்டார். நவரைப் பட்ட நெல் நடவு முடிந்து கழனியெல்லாம் தண்ணீர் நின்ற சமயம். வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். பாடை தூக்கியவர்கள் இரண்டு பக்கமும் சேற்றில் இறங்கினார்கள். நடுவழியில் ஒருவருக்குக் கால் உள்ளே போய், பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே போட்டிருந்த மாலைகள் சேற்றில் விழுந்தன. கழனிக்காரர் நாற்று போச்சு, நாற்று போச்சு என்று கரையில் நின்று கத்தினார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் நாங்கள் ரோட்டு முனையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தோம். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரியம் முடிகிறவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். செயலர் ஃபைலிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தீர்மானங்களின் வரைவு. நாலாவதாகச் சுடுகாட்டுப் பாதை இருந்தது. "உங்க பாதைதான் மெம்பர். நீங்கதான் வேணாம்னு கூட்டத்தைக் கலைச்சீங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை. மடிப்பு புதிதாக இருந்தது. சாவு விழுந்த பிறகு எழுதிவைத்துக்கொண்டாரா, இல்லை, அன்றைக்கே அவர் பையில் இருந்ததா? இன்று வரை எனக்குத் தெரியாது. இருந்தது என்றால் அதைப் படித்துக் காட்ட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கேட்டு வாங்கிப் பார்க்க எனக்கும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். தீர்மானம் போட்டிருந்தாலும் மூன்று வாரத்தில் யாரும் அளக்க வந்திருக்கமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அது சரிதான். ஆனால் அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் மாதக் கிராம சபைக்குச் சீக்கிரமே போய்விட்டேன். பாதைத் தீர்மானத்தை நானே எழுதுகிறேன் என்றேன். செயலர் நோட்டைத் தள்ளினார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, ஊராட்சி வசம் ஒப்படைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டு, நோட்டைப் பெண்கள் பக்கம் நகர்த்தி, "போடுங்க" என்றேன்.

அக்காதான் முதலில் நின்றாள். பேனாவைத் தொடவில்லை.

"இன்னா எழுதிக்கீற? படி."

"நம்ம பாதைதாங்க்கா. நானே என் கையால எழுதனேன்."

"அன்னிக்கி உன்ன நம்பித்தான் போடல. இன்னிக்கி உன்ன நம்பிப் போட மாட்டேன். படி."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு, என் மேல் ஒருத்தி சந்தேகப்படலாம் என்று தோன்றியதே இல்லை. தலைவர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன்.

"எத்தினி அடின்னு எழுதலியே" என்றாள் அக்கா.

ஆமாம், நான் எழுதியிருக்கவில்லை.

"பாதைன்னு மட்டும் எழுதனா வரப்பக் காட்டி இதான் பாதைன்னுவான். பாடைய தூக்கினு போறவங்க ரெண்டு பக்கமும் நடக்கணும். கால் சேத்துல எறங்கக் கூடாது. பன்னண்டு அடின்னு எழுது."

அடித்து, வரிக்கு மேலே பன்னிரண்டு அடி அகலம் என்று எழுதினேன். நான் நோட்டை மறுபடி நகர்த்தினேன். அக்கா அப்போதும் கையை நீட்டவில்லை.

"மொதல்லேர்ந்து படி" என்றாள்.