ஹெலனை மாற்றி வரைந்தவள்

ஏதென்ஸ் குயவர் தெருவில் லைசில்லாவைத் தெரியாதவர் கிடையாது. பெண்பிள்ளைகள் தூரிகை பிடிப்பது அங்கே அபூர்வம், அவள் பிடித்தாள். கணவன் எர்கினோஸ் சக்கரத்தில் பானை வனைவான், இவள் அதில் படம் எழுதுவாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கையும் அப்படியே.

அந்தத் துடுக்குதான் வினையாயிற்று. ஸ்பார்ட்டா ராஜாவின் மனைவி ஹெலன் டிராய் இளவரசனோடு போனதும், அதனால் பெரும் போர் மூண்டதும் ஊரறிந்த கதை. குடிக்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஹெலன் படம் போட்ட விருந்துக் கிண்ணம் ஒன்று வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கேட்டதற்கு மேலேயே செய்து கொடுத்தாள் மகராசி. புருஷன் வீட்டு நகைப்பெட்டி கக்கத்தில், அழுகிற குழந்தை பின்னால், ஹெலன் இளித்துக்கொண்டே டிராய்க்காரன் கப்பலில் ஏறுகிறாள். தெருவே சிரித்தது.

கிண்ணம் கடல் கடந்து போன பிறகு லைசில்லாவின் கண்ணில் புகை படர்ந்தது. முதலில் இடது கண். சூளை நெருப்பைத் துளை வழியாக உற்றுப் பார்க்கிற தொழிலில் கண் மங்குவது ஒன்றும் புதிதில்லைதான். ஆனால் வலது கண்ணும் மங்கத் தொடங்கியபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை அது: ஹெலனை ஓடுகாலி என்று பாடிய கவிஞர் ஒருவர் குருடானார். பாட்டை மாற்றிப் பாடிய பிறகுதான் பார்வை வந்தது. ஸ்பார்ட்டாவில் ஹெலனுக்குக் கோயிலே இருக்கிறது. சும்மா விடுவாளா?

“ஏங்க, அவ என்னைப் பிடிச்சுட்டா. நான் குருடியாகப் போறேன்.”

“அடி போடி! நாடகத்துல வருஷா வருஷம் அவளைத் திட்டறானுங்க. எவன் கண்ணு அவிஞ்சுது?”

“பயமா இருக்குங்க. கண்ணு போச்சுன்னா நான் எதுக்கு ஆவேன்?”

எர்கினோஸ் சிரித்தான். ஆனாலும் தன் பங்கு ஆலிவ் காய்களை அவள் தட்டில் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் எண்ணெய்க் குப்பி வாங்க அந்திகேனெஸ் வந்தான். காசு கொடுத்து ஆசிரியரிடம் தர்க்கம் படிக்கிற பையன். அவனை வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, படிச்சவங்க என்ன சொல்றீங்க? ஹெலன் தானா போனாளா, இழுத்துட்டுப் போனாங்களா?”

“உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்க்கா? நேத்து அவமேல குத்தமில்லேன்னு பேசி ஜெயிச்சேன். நாளைக்கு இருக்குன்னு பேசணும்.”

“வெளையாடாதே! எனக்குக் கண்ணு போகுது.”

அவன் சிரிப்பு அடங்கிப்போயிற்று. “அவளை யாருமே கேட்டதில்லைக்கா. பாட்டுலயும் சரி, எங்க வகுப்புலயும் சரி.”

சொல்லிவிட்டுக் குப்பியோடு கிளம்பிவிட்டான். புண்ணியவான், இருந்த பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் போனான்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கவிஞர் மாற்றிப் பாடினார். இவள் மாற்றி எழுத வேண்டும், வலது கண்ணும் அவிவதற்குள். சுடாத பானை ஒன்றை வாசல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த முறை நகைப்பெட்டி இல்லை, இளிப்பு இல்லை. டிராய்க்காரன் ஹெலனின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான்.

எர்கினோஸ் எட்டிப் பார்த்தான். “மணிக்கட்டைப் பிடிச்சிருக்கானே, கல்யாணப் பானையா? அடிச்சது யோகம்! அதுக்குத்தான் ஆள் வந்துக்கிட்டே இருக்கு.”

“கல்யாணம் இல்லைங்க. தூக்கிட்டுப் போறான்.”

“ரெண்டுக்கும் இப்படித்தானேடி பிடிப்பாங்க?”

தூரிகை நின்றது. வாஸ்தவம். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போவதும் அதே பிடியில்தான். எத்தனை கல்யாணப் பானைகளில் அவளே அப்படி எழுதியிருக்கிறாள்! அப்படியானால் முகத்தில்தான் சொல்லியாக வேண்டும். முகமோ இன்னும் பாக்கி. நடுப்பகல் வெயில் அடித்தும் வெளிச்சம் பற்றவில்லை. சரியாக வராவிட்டால் ஹெலன் மன்னிக்கமாட்டாள், அவ்வளவுதான், ஆயுசுக்கும் இருட்டு. அந்தப் பயத்தோடேயே, இடது விரலால் பானையின் வளைவை அளந்து அளந்து, பார்க்கிறவர்களை நேராகப் பார்க்கிற முகமாக எழுதி முடித்தாள்.

“எனக்குத் தெரியலைங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. சிரிக்கிறாளா?”

எர்கினோஸ் பானையைத் தெருவுக்கு எடுத்துப் போனான். வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“என்னங்க? தப்பாப் போச்சா? சொல்லுங்களேன், உசிரே போகுது!”

“சிரிக்கலே.” பானையைத் திரும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். “நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ இப்படித்தான் என்னைப் பாத்தே, லைசில்லா. நான் வெக்கம்னு நெனச்சுட்டேன்.”