வார்னிஷ் காயாத கப்பல்

எங்கள் வீட்டு ஹாலில், ஒரு கை நீளத்துக்கு, மூன்று பாய்மரங்களோடு ஒரு மரக்கப்பல் நிற்கிறது. நான் செய்தது. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கப்பலா இது? இல்லை. அவர்கள் வந்தது புகை கக்கும் கப்பலில். இதற்குப் பாய் மட்டும்தான். அப்படிச் சொன்னதும் வந்தவர்களின் முகம் சுருங்கிவிடும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கடலை நான் நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் வெயில் தாங்காமல் எப்போது மலைக்குத் திரும்புவோம் என்றுதான் இருந்தது.

இந்தக் கப்பலின் மேல்தளத்தில் பழுப்புப் புள்ளிகள் நிறைய ஒட்டியிருக்கின்றன. கவனித்துப் பார்த்தால் தெரியும். அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் நான் டீ மேக்கராக இருந்தேன். டீ மேக்கர் என்றால் டீ கலக்கிக் கொடுக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். பறித்த கொழுந்து வாடி, மெஷினில் நசுங்கி, ஈரத்தோடு தட்டுகளில் பரப்பிக் கிடக்கும். கிடக்கக் கிடக்க அதன் வாசம் மாறும். முதலில் வெட்டின புல் வாசம். பிறகு அது போய்க் கனிந்த ஆப்பிள் போல ஒரு வாசம் எழும். அந்த நேரம் பார்த்து எடுத்து, விறகடுப்புச் சூட்டில் காயவைக்கும் டிரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் டீ பச்சை அடிக்கும், பிந்தினால் செத்துப்போகும். வெயில் நாளில் சீக்கிரம் பழுக்கும், பனிமூட்டத்தில் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே கடிகாரத்தை நம்ப முடியாது. ஒரு கை அள்ளி மூக்கில் வைத்து, இப்போது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த ஆள் நான்தான்.

தேயிலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் செண்ட், வாசனை எண்ணெய், தைலம் எதுவும் ஆகாது. இந்த விஷயத்தில் நான் மகா கறார். டிரையரில் இருபது வருடமாக நிற்கும் ஓர் அம்மா ஒரு காலையில் நெற்றியில் தைலத்தோடு வந்தார். எல்லார் முன்னாலும் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

"காய்ச்சல் ஐயா, அதான்."

"காய்ச்சல்னா வீட்ல இரு. இங்க வந்து எதுக்கு என் டீயைக் கெடுக்கிற?"

அவர் திரும்பிப் போய்விட்டார். நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பெருந்தொற்றெல்லாம் அடங்கி, ஊரே முகக்கவசத்தைக் கழற்றிய பிறகு, சாவகாசமாக அது எனக்கு வந்தது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் மனைவி வைத்த கருவாட்டுக் குழம்பு வெந்நீர் மாதிரி இருந்தது. திட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்றும் தெரியவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர், வாசனை திரும்பி வரலாம், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். தினமும் கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் முகர்ந்து பழகச் சொன்னார். கிராம்பை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் ஐம்பத்து நாலு வயது ஆளை எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க லா" என்றாள் மனைவி. "ஒளிச்சு வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. மூக்கில்லாத டீ மேக்கரை வைத்துக்கொண்டு ஒரு ஃபேக்டரி என்ன செய்யும்? அந்த வேலையை விட்டால் நான் யார் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல வேலைக்குப் போனேன். கொழுந்தை அள்ளி மூக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையாட்டினேன். நடிப்புதான். உண்மையில் பார்த்தது கொழுந்தின் நிறத்தையும் கைக்கடிகாரத்தையும். முடிவுக்கு வர முடியாமல் தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அந்த நேரத்தில் டிரையர் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் வரும்.

"டிரையர் சூடாயிடுச்சு ஐயா. அனுப்பலாமா?"

அவசரக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சரி என்பேன். பனிமூட்ட நாட்களில் அந்தக் குரல் தாமதமாக வரும். ஈர விறகு, அடுப்பு பிடிக்க நேரமாகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். மறுநாள் காலை மேனேஜர் வரிசையாகக் கோப்பைகளை வைத்து ருசி பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. கண்ணும் கடிகாரமும் போதும், மூக்கெல்லாம் சும்மா அலங்காரம் என்றுகூட நினைக்கத் தொடங்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்ட மாதங்கள் அவை.

கப்பல் அந்த மாதங்களில் வந்தது. சாப்பாட்டில் ருசி இல்லை, டீயில் ருசி இல்லை, சாயங்காலம் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கைக்கும் கண்ணுக்கும் மட்டும் வேலை தரும் ஒரு காரியத்தைத் தேடினேன். போனில் யாரோ ஒருவர் மரக்கப்பல் செய்து காட்டினார். மூக்கே வேண்டாத வேலை என்று உடனே ஆர்டர் செய்தேன். பெட்டி நிறைய மெல்லிய மரப்பட்டைகள், பித்தளை ஆணிகள், நூற்கண்டுகள், பாய்க்குத் துணி, தடித்த ஒரு விளக்கப் புத்தகம் எல்லாம் வந்து சேர்ந்தன.

முதலில் நடுத்தண்டு, அதில் விலா எலும்புகள் போல வரிசையாகச் சட்டங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையையும் வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, சட்டத்தோடு ஒட்டி, காயும்வரை கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்த துணிக் கிளிப்புகள் அத்தனையும் கப்பலுக்குப் போயின. என் சட்டைகள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டின் மேல் கிடந்தன. மனைவி அதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

பசை ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று புத்தகம் சொன்னது. புத்தகம் எழுதியவன் இந்த மலைக்கு வந்ததில்லை. இங்கே பிற்பகலில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். உப்பு ஜாடியில் தண்ணீராகும், அலமாரியில் செருப்பு பூசணம் பூக்கும். பசை காய மூன்று நாள் ஆனது. ஒரு வாரத்து வேலை ஈரத்தில் உப்பி, பட்டைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஃபேக்டரியில் யாராவது இப்படிச் சொதப்பியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இங்கே கத்த ஆள் இல்லை, செய்தவன் நானே.

அடிப்பாகத்துக்கு வெள்ளை, மேலே கறுப்பு, நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை இழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு சாயங்காலம் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து நாளாகியிருந்தது. கடைசியாக மேல்தளத்துக்கும் பாய்மரங்களுக்கும் வார்னிஷ் பூசினேன். "வீடு பூரா நாத்தம், தலை வலிக்குது" என்று மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டாள். திறந்தால் பனிமூட்டம் வரும் என்பேன், மூடினால் நாற்றம் என்பாள். இந்தச் சண்டை முடிவதற்குள் மகளுக்குப் பிரசவம் என்று அவள் ஈப்போவுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழிந்தது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. வார்னிஷ் காயவில்லை. ஆனால் வாசம் போய்விட்டது என்று முடிவு செய்தேன். எதை வைத்து? ஒரு வாரமாக யாரும் குறை சொல்லவில்லை என்பதை வைத்து. வீட்டில் என்னைத் தவிர யாருமே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்குப் பின்னால், ஆட்கள் மழைக்கோட்டு காயப்போடும் சின்ன அறை ஒன்று உண்டு. இந்த மலையிலேயே ஈரமில்லாத இடம் அதுதான். பலகைத் தடுப்புக்கு மறுபக்கம் காய்ந்த தூள் வந்து விழும். ஒரு பிற்பகல், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, கப்பலை அங்கே உயரத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். நெற்றித் தைலத்துக்கு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியவன்தான் இதைச் செய்தேன்.

மறுநாள் காலை நேராக ருசி பார்க்கும் அறைக்குப் போனேன். மேனேஜர் முதல் கோப்பையை உறிஞ்சினார், நிறுத்தினார், துப்பினார். மறுபடி உறிஞ்சினார்.

"என்ன இது, பெயிண்ட் அடிக்குது? நீங்க குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். வெந்நீர். "ஆமா சார், லேசா அடிக்குது" என்றேன்.

"லேசாவா? குடிக்கவே முடியல. டிரையர் ரூம்ல யாரோ பெயிண்ட் தின்னர் கொண்டு வந்திருக்காங்க. அந்த அம்மாதானே அங்க பொறுப்பு? விசாரிச்சு வார்னிங் லெட்டர் குடுத்துடுங்க."

"சரி சார்" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

டிரையர் அறைக்குப் போனேன். தட்டில் கப்பல் இல்லை. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கப்பலு விறகுக் கொட்டாயில இருக்கு ஐயா. பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்கேன். தூக்கறப்ப ஒரு கம்பு சாஞ்சிருச்சு, திட்டாதீங்க."

"எப்ப எடுத்த?"

"காலையில கதவைத் தொறந்தேன், குப்புனு அடிச்சிச்சு. ராத்திரி பூரா பக்கத்துல கிடந்த நேத்து டீ போச்சேன்னு இருந்திச்சு. ஐயாவுக்கு மூக்கு இல்ல, தெரியாம வெச்சிருப்பாருன்னு தூக்கிட்டுப் போயிட்டேன்."

அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடானது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? தீபாவளிக்கு முன்னால மறந்தாப்ல தைலத்தைப் பூசிட்டு வந்துட்டேன். ஐயா என் பக்கத்துலயே நின்னு அரை மணி நேரம் பேசுனீங்க. திட்டவே இல்ல. அப்பவே புரிஞ்சு போச்சு."

தீபாவளி போய் எட்டு மாதமாகியிருந்தது. அந்த எட்டு மாதத்தையும் தலைக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"அப்ப, டிரையர் சூடாயிடுச்சுன்னு நீ கூப்பிடறது..."

"டிரையர் எப்பவுமே சூடாத்தான் ஐயா இருக்கும்."

நான் அங்கே கிடந்த மழைக்கோட்டுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"புதுசா ஒருத்தரு வந்தா அவரு எப்படியோ. உங்க கோவம் எங்களுக்குப் பழகிப்போச்சு லா."

என்னை அன்போடு நினைத்துச் செய்ததாக அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜரின் அறைக்குத் திரும்பினேன். பெயிண்ட் என்னுடையது என்றேன். அந்த நாற்றம் எனக்குத் தெரியவில்லை என்றேன். பத்து மாதமாகவே எதுவும் தெரியவில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப இத்தனை மாசமா இங்க டீ போட்டது யாரு?"

"டிரையர்ல நிக்கிற அம்மா, சார்."

கெட்டுப்போன டீ முழுவதும் உரக்குழிக்குப் போனது. என்னைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே தராசைப் பார்த்தால் போதும். அந்த அம்மா தட்டுகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார். மேனேஜர் அவருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்தது என் பழைய பதவிதான், டீ மேக்கர். தோட்டத்தில் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு முள்ளங்கி விலையைப் பேசப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்த வழியாக நடக்கக் கூச்சமாக இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை.

கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, காயாத வார்னிஷில் டீத்தூள் பறந்து வந்து ஒட்டி, அப்படியே இறுகிப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை. சாய்ந்த பாய்மரத்தை மட்டும் நிமிர்த்தி, நூல் கட்டி, பாய் விரித்தேன்.

மகளோடு ஈப்போவிலிருந்து வந்திருந்த என் பேத்தியைப் பார்க்க அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் கப்பலிடம் வந்தார். கொழுந்துத் தட்டுக்கு முன்னால் நான் இருபத்தாறு வருடம் குனிந்தது போலவே குனிந்தார்.

"இப்பவும் வார்னிஷ் அடிக்குதா?" என்றேன்.

"அது போயிருச்சு ஐயா. நம்ம டீ வாசம்தான் வருது. நல்ல பதம்."

நானும் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றேன்.