போளூருக்கு ஒரு ஹெலிகாப்டர் சவாரி

போன மாதம் ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு ஹெலிகாப்டரில் வந்தேன்.

சிரிக்காதீர்கள்... நிஜமாகத்தான்! பஸ்ஸில் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன், அது வேறு விஷயம்.

என் தம்பி மோகன் ஒரு டி.வி. சீரியலில் புரொடக்‌ஷன் மேனேஜர். சீரியலின் ஹீரோ ஒரு ஹெலிகாப்டர் பைலட், பெயர் ஆதவன். வெள்ளமா, நிலச்சரிவா, வில்லன் கதாநாயகியைக் கடத்திவிட்டானா – கண்ணை மூடித் திறப்பதற்குள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்குவார். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் கீழே நின்று பக்கம் பக்கமாக வசனம் பேசுவார். கதாநாயகிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும். அவள் முன்நெற்றி முடி மட்டும் லேசாக ஆடும்.

நிஜ ஹெலிகாப்டரைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் போளூரில் ஒரு தடவை யாரோ பெரிய மனிதர் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கப் போனோம். வந்த காற்றில் பந்தல் துணி பறந்ததுதான், இன்றுவரை கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் காதுக்குள்ளேயே எதையோ கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, வாய் கொப்பளித்துவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ‘வாயை மூடு, மண்ணு போவுது’ என்றாராம்!

அதனால், “மலையில ஹெலிகாப்டர் சீன் எடுக்கறோம்கா, வர்றியா?” என்று மோகன் கூப்பிட்டதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால்... ஹெலிகாப்டர் லாரியில் வந்து இறங்குகிறது! ஃபைபரும் பிளைவுட்டும். இன்ஜின் கிடையாது. கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் பளபளவென்று பெயின்ட், கதவு எல்லாம். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் மொட்டைப் பலகை.

“இது எப்படிடா பறக்கும்?”

“பறக்கறதெல்லாம் கம்ப்யூட்டர்லக்கா. ஏர்றதும் எறங்கறதும்தான் நாம எடுக்கறது.”

இன்னொரு ரகசியம். நம் பைலட் ஆதவனாக நடிப்பவருக்கு மலை வளைவு ஆகாது. காரில் ஏறி வரும்போதே கவர் கவராக வாந்தி. ஷூட்டிங் முடிந்து வேன், கார் எல்லாம் கிளம்பிப் போயின. அவர் மட்டும் காரில் ஏற மாட்டேன் என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டார். லாரிமேல் கயிறு போட்டுக் கட்டிய ஹெலிகாப்டருக்குள் போய் யூனிஃபார்மோடு உட்கார்ந்துகொண்டார். அங்கே காற்று வருமாம். விசிறியின் இறக்கைகளைக் கழற்றி ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள். முன்னால் டிரைவர் பாஷா பாய், மோகன், நான்.

கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். நடு ரோட்டில் ஒரு கூட்டம். கயிற்றுக் கட்டிலில் ஒரு நிறைமாதப் பெண். அவளுடைய மாமியார் இரண்டு கையையும் விரித்து லாரியை மறித்துவிட்டார்.

அந்தப் பெண் செல்வி. தலைப்பிரசவம். வலி வந்துவிட்டது, குழந்தையோ தலை திரும்பாமல் இருக்கிறது. உடனே போளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் இன்னொரு கேஸோடு கீழே இறங்கியிருக்கிறது, திரும்பி ஏறி வர நேரமாகும். ஊரில் இருந்த ஒரே ஜீப் சந்தைக்குப் போய்விட்டது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில்.

மாமியார் நிமிர்ந்து லாரிமேல் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடியே செல்வி, நம்ம ஆதவன் வந்துட்டான்டி! சாமி, நல்ல நேரத்துல வந்த. இவள ஏத்திக்கினு பறந்துடு!”

பைலட் கீழே இறங்கி வந்து கும்பிட்டார். “அம்மா, இது பறக்காதுங்கம்மா. டம்மிங்க.”

“போன வாரம் வெள்ளத்துல மாட்டுன எருமய தூக்கினு வந்தியே? என் மருமவ எருமய வுட கனமா?”

“அது கம்ப்யூட்டருங்கம்மா...”

“இன்னா பேச்சு பேசறான் பாரு! ரெக்கய கழட்டி வெச்சிக்கினு பறக்காதுன்னா எப்பிடிப் பறக்கும்? ஏறி மாட்டுங்கடா!”

சொன்னதுதான் தாமதம், நாலு பேர் லாரிமேல் ஏறி இறக்கையைத் தூக்கிவிட்டார்கள். “ஐயோ, அது சுத்தாதுங்க!” என்று மோகன் கீழே குதித்துக் கத்துகிறான். பைலட் இன்னும் கும்பிட்டபடியே நிற்கிறார். யார் கேட்டார்கள்?

கட்டிலில் இருந்து செல்விதான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “அத்தே... பறக்கறதோ உருள்றதோ, எதுலனா ஏத்துங்க. என்னால முடியல.”

தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. டிரைவர் கேபினில் படுக்க இடமில்லை. லாரியில் கூரை உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். ஷூட்டிங்குக்குக் கொண்டுவந்த மெத்தையை ஹெலிகாப்டருக்குள் விரித்துச் செல்வியைப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் மாமியார். கால்மாட்டில் நான். முன் சீட்டில் பைலட். காற்று வராத கேபினுக்குள் போக மாட்டேன் என்றுவிட்டார், பாவம்.

பாஷா பாய் எடுத்தார் பாருங்கள் லாரியை... வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, அலுங்காமல் குலுங்காமல் இறக்கினார். எதிரே வந்த பஸ் டிரைவர், தன்னை நோக்கி ஒரு ஹெலிகாப்டர் வருவதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை ஓரங்கட்டி வழிவிட்டார்.

நாலு வளைவு தாண்டியதும் முன் சீட்டில் முனகல். பைலட் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலி கொஞ்சம் விட்ட நேரத்தில் செல்வி இடுப்பைத் துழாவி, முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

“மோந்துக்கோண்ணா. பள்ளத்த பாக்காத, நேரா ரோட்டப் பாரு.”

அப்புறம் அவளுக்கு ஒரு வலி, அவருக்கு ஒரு குமட்டல். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறித் தடவிக் கொடுத்துக்கொண்டு வந்தார். திட்டும் இரண்டு பேருக்கும்தான்.

அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். நிஜ ஹெலிகாப்டர்! மாமியார் கதவு வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி முந்தானையை வீசினார். “இங்க! இங்க பாரு சாமி!” நானும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மலையைத் தாண்டி விர்ரென்று போய்விட்டது. அவ்வளவு உயரத்தில் யாருக்குக் கேட்கும்?

மாமியார் முந்தானையை இழுத்து மூக்கைச் சிந்தினார். “யாருக்கு இன்னா அவசரமோ, போவட்டும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலை ஜனங்களின் அவசரத்துக்கு அந்த வேகத்தில் ஒரு துளி கிடைத்தால் போதாதா? இறக்கை இல்லாத எங்கள் பிளைவுட் ஹெலிகாப்டர் பாட்டுக்கு அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் போளூர் ஆஸ்பத்திரி. லாரி உள்ளே நுழைந்ததும் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பார்த்தார்கள் – ஹெலிகாப்டர், யூனிஃபார்ம், தொங்கிப்போன தலை. கேட்க வேண்டுமா? பைலட்டை அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! “நான் இல்லீங்க... அவங்க...” என்று அவர் முனகினது யார் காதிலும் ஏறவில்லை. மாமியார் போட்ட கூச்சலில்தான் ஸ்ட்ரெச்சர் திரும்பி வந்தது.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னதும், பைலட் ஆதவன் எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சீரியலில்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமியார் அதற்குள் ஊருக்குப் போன் போட்டிருந்தார். “ஆங், ஹெலிகாப்டர்லதான் வந்தோம். இன்னா... தரையோட வந்துச்சு.”

நேற்று அந்த எபிசோடு வந்தது. கறுப்புக் கண்ணாடியும் சிரிப்புமாக ஆதவன் ஜவ்வாது மலையை ஒரே தாவாகத் தாண்டினார். என் போன் அடித்தது. செல்வி. பின்னாலேயே குழந்தையின் அழுகை.

“அக்கா, சீரியல் பாக்கறீங்களா? இன்னா வேகமா போறாரு பாருங்க!”

“பாத்துக்கினுதான் இருக்கேன்மா.”

“கையில எலுமிச்சம்பழம் வெச்சினு இருக்காராக்கா?”