வாசலில் வைக்காத செருப்பு

வார்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் 'சரித்திரம்'தான். நர்ஸ் படிப்புக்கு முன்னால் மூன்று வருஷம் வரலாறு படித்துத் தொலைத்தவளாயிற்றே. பஸ் ஓட்டுகிற அப்பாவே, "செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் ஊசி போடப் போறியாம்மா?" என்று சிரித்தவர். அவள் ராஜாக்கள் பக்கமே போகவில்லை என்பது பாவம், அவருக்குத் தெரியாது. கடைசி வருஷம் முழுக்க ஆய்வுக் கட்டுரைக்காக நகராட்சிக் கட்டடத்தின் மாடி அறையில் தும்மித் தும்மி, அறுபது வருஷத்துக்கு முந்தைய காய்ச்சல் முகாம் ஒன்றின் பதிவேட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அவளுக்கே பல நாள் அழுகை வந்திருக்கிறது.

ஒரு நாள் காலை வயதான தையல்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குடலில் ஓட்டை. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் சாயங்காலம் வரை தாங்க மாட்டார் என்றார் டாக்டர். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கையெழுத்தும் போட்டார். ஆனால் ஆபரேஷன் அறை வாசலில் சக்கர நாற்காலி நின்று, வார்டுபாய் அவருடைய செருப்பைக் கழற்றக் குனிந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கழட்ட மாட்டேன். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஒரு செருப்புக்காகவாப்பா? உங்க கால்ல விழறேன்," என்று மகள் அழுதாள்.

"பெரியவரே, அடம் பிடிக்கிற நேரமா இது?" என்றார் தலைமை நர்ஸ்.

"தங்கச் செருப்புன்னு நெனப்பு போல," என்று முணுமுணுத்தான் வார்டுபாய். அரை மணி நேரம் ஓடிவிட்டது. வேண்டாம் என்கிறவரை வலுக்கட்டாயமாக அறுக்க முடியுமா? டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

சரித்திரம் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். பெரியவர் தன் செருப்பைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. வெளியே சுவரோரம் வரிசையாகக் கிடந்த மற்றவர்களின் செருப்புகளையே வெறித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தான் படியெடுத்த பதிவேடு நினைவுக்கு வந்தது. அந்தக் காய்ச்சல் முகாமுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். உள்ளே யாராவது இறந்தால், அவர்களுடைய செருப்பை வாசல் மதில்மேல் வைத்துவிடுவார்கள். வீட்டாருக்குப் போகிற சேதி அவ்வளவுதான். அதற்கென்றே பதிவேட்டில் ஒரு பத்தி இருந்தது.

அவள் அவர் காலருகே உட்கார்ந்தாள். "ஐயா, உங்க செருப்பு வாசல்ல இருக்காது. பையில கட்டி உள்ளயே வெச்சிக்கிறேன். நீங்க வெளிய வரும்போது கூடவே வரும்."

அவர் அவளையே பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படிச்சிருக்கேன்யா."

அவர் இரண்டு காலையும் நீட்டினார். முப்பது வருஷம் வார்டை ஆட்டிப்படைத்த தலைமை நர்ஸே இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்து நீட்டினார். டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். அடேயப்பா, ஓர் உயிரைத் திருப்பிக் கொண்டுவர அந்தத் தூசி பிடித்த பதிவேடு போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவர், கீழே இருந்த செருப்பைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். "அம்மாவை முகாமுக்குக் கொண்டு போனப்ப எனக்கு ஏழு வயசு. போறதுக்கு முன்னாடி அவங்க செருப்பு வார் அறுந்துபோச்சு. நான்தான் சிவப்பு நூல் போட்டுத் தெச்சுக் குடுத்தேன். நான் போட்ட முதல் தையல் அதுதாம்மா."

அவள் தெர்மாமீட்டரைக் கீழே வைத்தாள். அந்த வரியை அவள் தன் கையாலேயே படியெடுத்திருக்கிறாள். "பெண் செருப்பு, ஒரு ஜோடி. இடது வார் சிவப்பு நூலால் தைத்தது. வாங்க யாரும் வரவில்லை." தயங்கித் தயங்கி அதை அவரிடம் சொன்னாள்.

அவர் கீழே இருந்த தன் செருப்பையே பார்த்தார்.

"நான் வந்தேம்மா," என்றார் பிறகு. "மதில் கிட்ட வரைக்கும் வந்தேன். தொடப் பயந்துகிட்டு ஓடிட்டேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் தன் பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே, "மகன் வந்திருந்தான். வயது ஏழு" என்று எழுதினாள்.